அரசோடு வழக்காடிய உழவர்: நாராயணசாமி நாயுடுவும் தமிழக விவசாயிகள் சங்கமும்

சி. நாராயணசாமி நாயுடு கோவைக்கு வடக்கே உள்ள வையம்பாளையத்தில் 1925 பிப்ரவரி 6ஆம் நாள் பிறந்தார். 1984 டிசம்பர் 21ஆம் நாள் கோவில்பட்டியில் காலமானார். அந்த 59 ஆண்டு வாழ்க்கையில் கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் அரசை எதிர்ப்பதிலேயே கழிந்தன. அவர் எதிர்த்தவற்றில் திமுக ஆட்சியும் உண்டு, அதிமுக ஆட்சியும் உண்டு. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ அவர் ஒருநாளும் உறுப்பினராக இருந்ததில்லை. ஆயினும், தமிழ்நாட்டு விவசாயி இன்று பம்புசெட் மோட்டாரை ஓட்டுவதற்கு மின்கட்டணம் கட்டுவதில்லை என்றால், அந்த நிலை எங்கே தொடங்கியது என்று தேடிப் போகிறவர் அவர் பெயரில்தான் வந்து நிற்பார். விவசாய சங்கத்தார் அவரை ‘உழவர் பெருந்தலைவர்’ என்று அழைக்கிறார்கள்.

அரசை எதிர்ப்பவர்களில் இரு வகையினர் உண்டு. தம்மை ஆள அரசுக்கு உரிமையே இல்லை என்பவர்கள் ஒரு வகை. அரசு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, செய்யத் தகாததைச் செய்கிறது என்று அதனோடு வழக்காடுபவர்கள் இன்னொரு வகை. நாயுடு இரண்டாம் வகையினர். அவருடைய இயக்கம் எதை வென்றது, எங்கே தோற்றது என்ற இரண்டுக்கும் விளக்கம் இந்த நிலைப்பாட்டில்தான் இருக்கிறது.

வழக்கின் மூலம் கிணறு. கோவை, சேலம், தருமபுரி, தென்னாற்காடு, வடாற்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பழைய மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் வற்றாத ஆறு கிடையாது, மழையும் குறைவு. அங்கே வேளாண்மை என்பது பெரும்பாலும் கிணற்று வேளாண்மை. இரண்டு மாடுகளைப் பூட்டி, தோல் சாலில் நீரிறைக்கும் கவலைதான் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. மாடு இழுக்கிற ஆழத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு நாளில் பாய்ச்சுகிற பரப்புக்கும் எல்லை உண்டு. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின, மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் பெருகின. விடுதலைக்குப் பின், குறிப்பாக 1957இல் மின்சார வாரியம் உருவானபின், மின்கம்பி கிராமங்களுக்குள் வேகமாகப் போனது. மின் இணைப்புப் பெற்ற பம்புசெட்டுகளின் எண்ணிக்கையில் இந்திய மாநிலங்களிடையே தமிழ்நாடு முன்னணியில் நின்றது.

கவலையும் ஏற்றமும் போய் மோட்டார் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நீரெடுத்தார்கள். நீர்மட்டம் இறங்கியது. கிணற்றை மேலும் வெட்டி ஆழப்படுத்த வேண்டியிருந்தது; கூடுதல் குதிரைத் திறனுள்ள மோட்டார் வாங்க வேண்டியிருந்தது. ஆழம் கூடக் கூட ஒரு ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆகும் மின் யூனிட்டுகளும் கூடின. யூனிட்டுக்கு இத்தனை பைசா என்ற கட்டண முறையில், தண்ணீர் குறைந்த ஊர்க்காரனே அதிகம் கட்ட வேண்டியிருந்தது. காவிரிப் படுகையில் வாய்க்கால் தண்ணீருக்குச் சிறு தீர்வை கட்டி நெல் விளைவித்த விவசாயிக்கு இந்தச் செலவே கிடையாது. மின்கட்டணப் போராட்டம் கொங்கிலும் சேலத்திலும் ஆற்காட்டிலும் எரிந்தபோது தஞ்சையில் அந்த அளவு பற்றாததற்கு இதுவே முதற்காரணம். தஞ்சையின் சச்சரவு வேறு: அங்கே நிலக்கிழாருக்கும் கூலியாளுக்கும் இடையே இருந்த பகைதான் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடித்தது.

இன்னொரு மாற்றமும் அதே காலத்தில் நடந்தது. பழைய கிராமத்தில் விவசாயிக்கு எதிரில் நின்றவர் ஜமீன்தார், இல்லையென்றால் வட்டிக்காரர். 1960களின் நடுவில் பசுமைப் புரட்சி வந்தபோது அந்த இடத்தை அரசு எடுத்துக்கொண்டது. கிணறு வெட்டக் கடன் கொடுத்தது நிலவள வங்கி. பயிர்க்கடன் கொடுத்தது கூட்டுறவுச் சங்கம். உரமும் வீரிய விதையும் அரசின் ஏற்பாடு. மின்சாரம் அரசு வாரியத்துடையது. நெல்லுக்குக் கொள்முதல் விலையை நிர்ணயித்ததும் அரசு. விளைவிக்கும் செலவிலும் விற்கும் விலையிலும் அரசின் கை இருந்ததால், கணக்கில் துண்டு விழுந்தால் கேள்வி அரசை நோக்கித்தான் போயிற்று. அந்தக் கேள்வியைக் கூட்டாகக் கேட்கச் செய்ததே நாயுடுவின் வேலை.

அவரும் கிணற்றுப் பாசன விவசாயிதான். 1966இல் கோவை வடக்கு வட்டத்தில் விவசாயிகள் சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் முன்னணிக்கு வந்தார். கட்சிக் கொடி இல்லாத சங்கம் என்பது அதன் முதல் விதி. காங்கிரஸ்காரரும் திமுககாரரும் ஒரே பந்தலில் உட்கார அது வழி செய்தது. கொங்கு வேளாளக் கவுண்டர்கள் பெருவாரியாக இருந்த வட்டாரத்தில், வீட்டில் தெலுங்கு பேசும் நாயுடு சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தலைவராக ஏற்கப்பட்டதற்கும் அந்த விதி துணை நின்றது. சாதியை முன்வைத்துத் திரட்டியிருந்தால் சங்கம் நாலு ஊரைத் தாண்டியிருக்காது. மின்கட்டண அட்டை எல்லாச் சாதி விவசாயியின் வீட்டிலும் இருந்தது. சங்கம் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது.

1970இல் மாநில அரசு பம்புசெட் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தியது. சங்கம் கட்டண உயர்வைத் திரும்பப் பெறக் கோரியது. பதில் கிடைக்காதபோது மறியலுக்கும் கடையடைப்புக்கும் போனது. ஜூன் 19ஆம் நாள் திருப்பூருக்கு அருகே பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தனர். அவர்களுக்கு எழுப்பப்பட்ட நினைவுத்தூண் இன்றும் அங்கே இருக்கிறது. அரசு உயர்வில் ஒரு பைசாவைக் குறைத்துக்கொண்டது. யூனிட்டுக்கு ஒரு பைசா என்பது வெளியே இருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியலாம். கோடைக்காலத்தில் இரவும் பகலும் மோட்டார் ஓடிய தோட்டங்களுக்கு அது ஆண்டுக் கணக்கில் உறைக்கிற தொகை. மேலும், கூட்டாக நின்றால் அரசு இறங்கிவரும் என்பதை அந்த ஒரு பைசா ஊர்களுக்குக் காட்டிவிட்டது.

1972இல் கட்டணம் 12 பைசாவாக ஏறியது. இம்முறை சங்கம் ஆயத்தமாக இருந்தது. கட்டண உயர்வு ரத்து, கடன் தள்ளுபடி, விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை என்று கோரிக்கைகளை அடுக்கிக் கெடு வைத்தது. கெடு கடந்ததும் மின்கட்டணம் கட்டுவதை நிறுத்துமாறு சொன்னது. நகரங்களுக்குப் பாலும் காய்கறியும் போகாமல் தடுத்தது. ஜூன் மாதத்தில் கோவை நகரத்துக்குள் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் வந்து சாலைகளிலும் பாலங்களிலும் அரசு அலுவலகங்களின் முன்பும் நின்றன. வண்டிகளை அவிழ்த்து விட்டு மாடுகளை ஓட்டிச் சென்றுவிட்டால், நகரம் அப்படியே நின்றுவிடும். ஆயுதம் எதுவும் இல்லாமல், வீட்டில் இருக்கிற பொருளைக் கொண்டே ஒரு நகரத்தை அடைத்துவிட முடியும் என்பதை அந்த நாட்கள் நிரூபித்தன. நாயுடுவும் ஏராளமான விவசாயிகளும் சிறைப்பட்டனர்.

ஜூலை 5ஆம் நாள் மாநிலம் தழுவிய கடையடைப்பு நடந்தது. அன்று பல மாவட்டங்களில் நடந்த துப்பாக்கிச்சூடுகளில் 15 பேர் இறந்தனர். மிகுதியான உயிர்கள் போன இடங்களில் ஒன்று சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையம். சேலத்திலிருந்து வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாக உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் அது இருக்கிறது. அந்தச் சாலை நெடுக வடக்கே கல்வராயன் மலைத்தொடர் கூடவே வருகிறது. தெற்கிலும் வடக்கிலும் கிணற்றுத் தோட்டங்கள். பாக்கும் தென்னையும் மரவள்ளியும் ஆத்தூர்ப் பக்கம் என்றால், கரும்பும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் கள்ளக்குறிச்சிப் பக்கம். பயிர் மாறினாலும் கிணறும் மோட்டாரும் மின்கட்டணமும் ஒன்றே. கொங்கில் பிறந்த போராட்டம் தென்னாற்காட்டு எல்லை வரை பரவியதற்கு இந்த ஒற்றுமையே காரணம். ஜூலை 5 இன்றைக்கும் உழவர் தியாகிகள் நாளாக விவசாய சங்கங்களால் அனுசரிக்கப்படுகிறது. அந்த உயிர்ப்பலிக்குப் பிறகு அரசு பேச்சுவார்த்தைக்கு வந்து, கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தது.

மாவட்ட எல்லைகளைத் தாண்டிய இந்த வேகத்திலிருந்து 1973இல் தமிழக விவசாயிகள் சங்கம் மாநில அமைப்பாக உருவானது. நாயுடு தலைவர், டாக்டர் மு. ரா. சிவசாமி அதன் முக்கியப் பொறுப்பாளர்களில் ஒருவர். பச்சைக் கொடியும் தோளில் பச்சைத் துண்டும் சங்கத்தின் அடையாளங்களாயின. சங்கத்தின் அடித்தளம் கிராமக் கிளை. கோரிக்கை கிளையில் பேசப்படும். வட்டக் கூட்டத்துக்குப் போகும். மாவட்ட மாநாட்டில் தீர்மானமாகும். கெடுவோடு அரசுக்குப் போகும். கெடு முடியாமல் போராட்டம் இல்லை. நெருக்கடி நிலை நிலவிய 1975 முதல் 1977 வரை வெளிப்படையான கிளர்ச்சிக்கு இடமில்லாமல் போயிற்று. அதன்பின் வந்த ஆண்டுகளில் சங்கம் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

இந்தக் காலத்தில் மின்கட்டணத்தோடு கடனும் சேர்ந்துகொண்டது. கட்டணம் பாக்கி வைத்தவரின் இணைப்பிலிருந்து மின்வாரிய ஊழியர் பியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போவார், பயிர் வாடும். கூட்டுறவுக் கடனும் நிலவள வங்கிக் கடனும் நிலுவையானால் ஜப்தி வரும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து அண்டா குண்டாக்களையும் கதவு நிலைகளையும் மோட்டாரையும் எடுத்துப் போவது கிராமத்தில் பெருத்த அவமானமாகக் கருதப்பட்டது. கடன் வாங்காத விவசாயி இல்லை என்ற நிலையிலும் ஜப்தி நடந்த வீட்டின் மானம் ஊர் நடுவே போய்விடும். சங்கம் இந்த இடத்தில்தான் கிராமத்தின் மனத்தைத் தொட்டது. விளைபொருளுக்கு அரசு வைத்த விலை செலவைவிடக் குறைவு என்றால், விவசாயி அரசுக்குக் கடன்பட்டவனல்லன், அரசே விவசாயிக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது சங்கத்தின் வாதம். ஜப்திக்கு வரும் அதிகாரியை ஊரே திரண்டு நின்று மறிக்க வேண்டும் என்று அது சொன்னது. தனி வீட்டின் அவமானம் ஊரின் வழக்காக மாறியதும் ஜப்தி நடத்துவது கடினமாயிற்று.

எம்.ஜி.ஆர். தலைமையிலான அதிமுக ஆட்சியில் போராட்டம் மீண்டும் உச்சத்துக்குப் போனது. 1978 ஏப்ரலில் மதுரை மாவட்டத்தின் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பகுதியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1980ஆம் ஆண்டின் கடைசி நாளில் திருநெல்வேலி மாவட்டத்துக் குறிஞ்சாக்குளத்தில் விவசாயிகள் சுடப்பட்டு இறந்தனர். கொங்கில் தொடங்கியது தென்கோடிக் கரிசல் நிலம் வரை போய்ச் சேர்ந்திருந்தது. அரசு ஒருபுறம் கைது செய்தது. மறுபுறம் சிறு விவசாயிகளுக்குக் கட்டணச் சலுகை கொடுத்தது. சங்கம் தன் பட்டியலில் வைத்திருக்கும் தியாகிகளின் எண்ணிக்கை, பெருமாநல்லூரில் தொடங்கி, ஐம்பதைத் தாண்டும்.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்தில், அமெரிக்கக் கிராமங்களிலும் விவசாயிகள் அரசை எதிர்த்து நின்றார்கள். 1977இல் கொலராடோ மாநிலத்தில் ‘அமெரிக்க வேளாண் இயக்கம்’ தோன்றியது. விளைச்சலுக்கு உற்பத்திச் செலவை ஈடுகட்டும் விலை வேண்டும் என்பது அதன் கோரிக்கை. தமிழகச் சங்கத்தின் ‘கட்டுப்படியாகும் விலை’ என்பதும் அதுவே. 1978இலும் 1979இலும் அந்த விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு நாட்டின் நடுப்பகுதியிலிருந்து வாஷிங்டன் நகரத்துக்கு வந்தார்கள். 1979 பிப்ரவரியில் தலைநகரின் போக்குவரத்து நின்றது. போலீஸார் டிராக்டர்களை நடுத்திடலில் வளைத்து நிறுத்தினர். அந்த மாதமே பெரும் பனிப்புயல் வந்து நகரம் முடங்கியபோது, அதே டிராக்டர்கள்தாம் பனியை அள்ளிச் சாலைகளைத் திறந்தன. கோவையின் மாட்டுவண்டிகளுக்கும் வாஷிங்டனின் டிராக்டர்களுக்கும் இடையே ஏழு ஆண்டு இடைவெளி, முறை ஒன்றுதான்.

அதன்பின் இரண்டு கதைகளும் பிரிகின்றன. 1979க்குப் பின் அமெரிக்க மத்திய வங்கி பணவீக்கத்தை அடக்க வட்டி விகிதத்தை உயர்த்தியது; வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளரிடம் கூட 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்ட காலம் வந்தது. நிலத்தின் மதிப்பு சரிந்தது. நிலத்தை அடமானம் வைத்திருந்தவர்கள் பண்ணைகளை ஏலத்தில் இழந்தார்கள். இந்தத் துயரத்துக்குள் ‘பாசி காமிட்டேட்டஸ்’ என்ற அமைப்பு புகுந்தது. மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபுக்கு மேல் சட்டப்படியான அதிகாரம் எதுவும் கிடையாது, மத்திய வருமான வரி செல்லாது, வங்கிகளை யூதர்களின் சதி ஆட்டுவிக்கிறது என்று அது பிரச்சாரம் செய்தது. வடக்கு டகோட்டா மாநிலத்து விவசாயி கார்டன் கால் அதன் பிரபலமான முகம். 1920இல் பிறந்த அவர் இரண்டாம் உலகப் போரில் விமானப்படைத் துப்பாக்கி வீரராக இருந்தவர். இனி வரி கட்டுவதில்லை என்று 1967இல் வரித்துறைக்கு எழுதினார். 1977இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். விடுதலையானபின் நன்னடத்தை நிபந்தனையை மீறியதற்காக 1983 பிப்ரவரி 13 அன்று அவரைக் கைது செய்ய வந்தபோது மெடினா என்ற சிற்றூரில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. இரண்டு மத்தியக் காவல் அதிகாரிகள் கொல்லப்பட்டனர். ஜூன் 3 அன்று அர்க்கன்சாஸ் மாநிலத்து ஸ்மித்வில்லில் காலும் ஒரு ஷெரிஃபும் மோதலில் இறந்தனர்.

கார்டன் காலும் நாராயணசாமி நாயுடுவும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இறந்தவர்கள். இருவரும் கிராமத்து நிலவுடைமையாளர்கள். இருவரும் அரசுக்குப் பணம் கட்ட மறுத்தவர்கள். இருவரும் சிறை சென்றவர்கள். வேறுபாடு மறுப்பின் நோக்கத்தில் இருக்கிறது. வரி கட்ட மறுத்த கால் தன்னை அரசிடமிருந்து விடுவித்துக்கொள்ள நினைத்தார். கட்டணம் கட்ட மறுக்கச் சொன்ன நாயுடு அரசைப் பேச்சுக்கு இழுக்க நினைத்தார். மின்வாரியம் இல்லாமல் கிணற்றில் தண்ணீர் ஏறாது, கூட்டுறவுக் கடன் இல்லாமல் விதை வாங்க முடியாது என்ற உண்மை தமிழக விவசாயிக்குத் தெரியும். அரசே வேண்டாம் என்பவரின் பேச்சு அந்தத் தோட்டங்களில் எடுபட்டிருக்காது. கம்பியின் ஒரு முனையில் அரசும் மறுமுனையில் விவசாயியும் இருந்ததால், போராட்டத்தின் முடிவு எப்போதும் ஓர் ஒப்பந்தமாகவே இருக்க முடிந்தது. தேர்தலும் அதற்குத் துணை செய்தது. கிணற்று விவசாயிகள் தமிழ்நாட்டின் பல தொகுதிகளில் வெற்றியைத் தீர்மானிக்கும் அளவில் இருந்தார்கள். அமெரிக்காவில் விவசாயக் குடும்பங்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பங்காகச் சுருங்கிவிட்டிருந்தன. வாக்கின் வலு இல்லாத இடத்தில் சதிக் கதைகளும் துப்பாக்கியும் சிலரைப் பிடித்துக்கொண்டன.

தமிழகத்து முறை மற்ற மாநிலங்களுக்கும் சென்றது. 1980இல் கர்நாடகத்தின் நரகுந்து, நவலகுந்து பகுதியில் பாசனத் தீர்வைக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது, அதிலிருந்து எம். டி. நஞ்சுண்டசாமியின் விவசாயிகள் சங்கம் வளர்ந்தது. மகாராஷ்டிரத்தில் சரத் ஜோஷி வெங்காயத்துக்கும் கரும்புக்கும் விலை கேட்டு விவசாயிகளைத் திரட்டினார். 1980 டிசம்பரில் ஐதராபாத்தில் பல மாநிலத் தலைவர்கள் கூடிப் பாரதிய கிசான் யூனியனை உருவாக்கியபோது அதன் தலைவராக நாயுடு தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலமற்றோர் நிலம் கேட்ட பழைய உழவர் இயக்கங்களிலிருந்து வேறுபடுத்தி, விலையும் கடனும் கட்டணமும் பேசிய இவற்றை ஆய்வாளர்கள் புதிய விவசாயிகள் இயக்கங்கள் என்று வகைப்படுத்தினர். எம். வி. நாட்கர்ணி 1987இல் வெளியிட்ட நூல் தமிழகப் போராட்டத்தை விரிவாக ஆராய்கிறது.

சங்கத்தின் சறுக்கல் அதன் முதல் விதியைக் கைவிட்டதில் தொடங்கியது. போராடிப் பெற்றதைக் கட்சிகள் தம் சாதனையாகப் பேசி வாக்கு வாங்கிக்கொள்கின்றன, பிறகு மறந்துவிடுகின்றன என்ற ஆதங்கம் சங்கத்துக்குள் வளர்ந்தது. 1982இல் நாயுடு ஓர் அரசியல் கட்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு நடந்த பெரியகுளம் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் கட்சி மிகக் குறைந்த வாக்குகளே பெற்றது. மறியலுக்கு வந்த கூட்டம் வாக்குச்சாவடியில் தத்தம் பழைய சின்னத்துக்கே திரும்பிப் போனது. கட்சியே கூடாது என்றவர்களும் வேண்டும் என்றவர்களும் பிரிந்தனர். சிவசாமி தனி வழி சென்றார். திமுககாரராகவும் அதிமுககாரராகவும் இருந்துகொண்டே சங்கத்தில் இருக்கலாம் என்ற ஏற்பாடு உடைந்ததும், சங்கத்தின் பரப்பு குறுகியது. 1984 டிசம்பரில் பொதுத்தேர்தல் பிரச்சாரத்துக்காகத் தென்மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தபோது கோவில்பட்டியில் நாயுடுவுக்கு மாரடைப்பு வந்தது. வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தன.

அவர் கேட்டதில் பெரும்பகுதி அவர் இறந்த ஆண்டிலும் அதற்குப் பின்னும் கிடைத்தது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1989இல் ஆட்சிக்கு வந்த மு. கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. 1970இலும் 1972இலும் சங்கத்தின் மீது துப்பாக்கி நீட்டிய ஆட்சியின் கட்சியே இதைச் செய்தது என்பது தேர்தல் கணக்கின் வலிமையைக் காட்டும். 2003இல் ஜெயலலிதா அரசு கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்து பார்த்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதும் திரும்பப் பெற்றது. அதன்பின் எந்த ஆட்சியும் அந்தப் பக்கம் போகவில்லை. கடன் தள்ளுபடியும் அவ்வாறே ஆட்சிகளின் வழக்கமாயிற்று: 2006இல் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள், 2016இல் சிறு, குறு விவசாயிகளின் கடன்கள், 2021இல் 12,110 கோடி ரூபாய்க் கடன். ஒரு காலத்தில் ஜப்தியை மறித்தவர்களின் வாதம் அரசாணையின் மொழிக்குள் வந்துவிட்டது.

இந்த வெற்றிக்குள் சில விடுபடல்கள் இருக்கின்றன. முதலாவது விவசாயத் தொழிலாளி. சங்கத்தின் கோரிக்கைகள் நிலமும் கிணறும் உள்ளவரின் கோரிக்கைகள். கூலி உயர்வு அவற்றில் முன்னிடம் பெறவில்லை; கட்டுப்படியாகும் விலை கிடைத்தால் கூலியும் தானாக உயரும் என்று சங்கம் சொன்னது. நிலமற்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதால், இந்த விடுபடல் சாதியின் கோட்டிலும் விழுந்தது. இடதுசாரிகள் இதைச் சுட்டிக்காட்டி, இது பணக்கார விவசாயிகளின் இயக்கம் என்று விமர்சித்தனர். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகளும் சிறை சென்றார்கள், சுடப்பட்டார்கள் என்பதால் அந்த விமர்சனம் முழுதும் பொருந்தாது, பாதி பொருந்தும்.

இரண்டாவது விடுபடல் மலை. பெத்தநாயக்கன்பாளையத்தில் விவசாயிகள் சுடப்பட்ட 1972இல், அந்த ஊரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்த கல்வராயன் மலையில் அரசின் நேரடி நிர்வாகமே இல்லை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் மலை இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தார்களுக்கு வரியும் கொடுத்து, கூலியில்லாமல் வெட்டி வேலையும் செய்தார்கள். 1976 ஜூனில்தான் அரசு மலையைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. சமவெளி விவசாயி அரசின் கட்டணத்தோடு மோதிக்கொண்டிருந்தபோது, மலைவாழ் விவசாயிக்கு மோதுவதற்கு மின்கம்பியும் இல்லை, கடனும் இல்லை, பட்டாவும் இல்லை. அங்கே வழக்கு அரசு வரவேண்டும் என்பதாக இருந்தது. வந்தபின், வனத்துறையின் எல்லைக்கும் உழுத நிலத்துக்கும் இடையே பட்டா கேட்பதாக மாறியது. வனஉரிமைச் சட்டம் 2006இல் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் வேலையும் மருத்துவமும் அப்போதும் மலையின் கோரிக்கைகளாக இருந்தன.

மூன்றாவது விடுபடல் கிணறேதான். மின்சாரத்துக்கு விலை இல்லாதபோது நீரை இறைப்பதற்கும் விலை இல்லை. திறந்த கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. அவையும் பல நூறு அடிகளுக்குக் கீழே போயின. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இலவச இணைப்புகள் உள்ள மாநிலத்தில் புதிய இணைப்புக்கு நீண்ட காத்திருப்பு இருக்கிறது. கட்டணம் தள்ளுபடியானாலும், ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய கடன் விவசாயியின் தலையில்தான் இருக்கிறது. கரும்பு விவசாயிகளுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம்பிப் பயிரிடும் கள்ளக்குறிச்சிப் பகுதியில், வெட்டிய கரும்புக்கு உரிய விலையும் உரிய நேரத்தில் பணமும் கேட்பது விவசாயிகள் கூட்டங்களில் நிலையான கோரிக்கை. மின்கட்டணம் தீர்ந்தபின்னும் ‘கட்டுப்படியாகும் விலை’ என்ற 1970களின் கோரிக்கை தீராமல் இருக்கிறது.

நாயுடுவின் முறையைப் பின்வந்தவர்கள் பலவிதமாக எடுத்துக்கொண்டார்கள். 2017இல் திருச்சி வழக்கறிஞர் பி. அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு அமர்ந்து கடன் தள்ளுபடியும் நதிநீர் இணைப்பும் கேட்டார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேச விவசாயிகள் டிராக்டர்களோடு டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக இருந்து, மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறச் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடுவதும் ஒன்று. விவசாயிக்குக் கொடுக்கும் மின்மானியத்தின் மேல் கைவைக்கும் என்பது அந்த மசோதா குறித்த அச்சம். ஆக, வழக்கின் பொருள் அரை நூற்றாண்டாக மாறவில்லை: தண்ணீர் இறைக்கும் மின்சாரம், விளைச்சலின் விலை, கடன்.

நாயுடுவுக்கு அரசு பின்னாளில் வையம்பாளையத்தில் மணிமண்டபம் கட்டியது. எதிர்த்தவருக்கு எதிர்க்கப்பட்ட அரசே நினைவிடம் எழுப்புவது, அவர் நடத்திய போராட்டத்தின் தன்மைக்கு ஒத்துப்போகிறது. அவர் அரசை ஒழிக்கக் கேட்கவில்லை. கணக்கை நேர்செய்யக் கேட்டார். மின்கட்டணத்தின் கணக்கு நேரானது. விலையின் கணக்கு நேராகவில்லை. கூலியாளின் கணக்கும் மலையின் கணக்கும் அவருடைய பேரேட்டில் ஏறவேயில்லை. அவற்றைக் கேட்கும் வேலை வேறு சங்கங்களுக்கு மீதமிருக்கிறது.